பதினாறு இஞ்சுக்கு ஒரு சுற்று

அம்மா கவிழ்ந்து படுத்துத் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டால் காதோரம் பட்டாசு வெடித்தாலும் அசையமாட்டாள். வெண்ணந்தூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்லூரியில் என்.சி.சி.யில் சுடப் பழகியவள், கல்யாணத்துக்குப் பின் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். எனக்கு எட்டு வயதானபோது அவளைச் சேலத்துப் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் மறுபடி சேர்த்துவிட்டவர் அப்பாதான்.

அப்பா நூல் முறுக்குகிறவர். வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் நாலு மெஷின் ஓடும். இழையை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தே இஞ்சுக்கு எத்தனை முறுக்கு என்று சொல்லிவிடுவார். அதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அதனாலேயே உலகத்தில் உள்ள எதுவும் அவர் கண்ணுக்கு நூலாகத்தான் தெரியும்.

துப்பாக்கிக் குழலுக்குள் திருகு போல வரிகள் ஓடும், குண்டு சுழன்றுகொண்டே போனால்தான் நேராகப் போகும் என்று அம்மா ஒருநாள் சொல்லிவைத்தாள். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் துப்பாக்கியில் எத்தனை சுற்று என்று கேட்டு வரச் சொன்னார். பதினாறு இஞ்சுக்கு ஒரு சுற்று என்று அவள் வந்து சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பதினாறு இஞ்சுக்கு ஒண்ணா? நூலா இருந்தா கைல தொட்டாலே பிரிஞ்சு போயிருமே அம்மிணி!"

அந்தச் சமயத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். பெண்களில் ஒரே ஒரு இடம்தான் காலி. கிளப்புக்குப் புதிதாக, கொஞ்சம் கனமான குண்டு ஒரு பெட்டி வந்திருப்பதாக அம்மா சாப்பிடும்போது சொன்னாள். அப்பா கையில் பிசைந்த சோற்றோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தடிச்ச நூலுக்குக் கம்மி முறுக்குப் போதும். உன்ற துப்பாக்கில முறுக்கே இல்ல. கனமான குண்டப் போடு, கிண்ணுனு போவும்."

"சரிங்க" என்றாள் அம்மா. முறுக்கு விஷயத்தில் அவர் சொல்லித் தப்பாகி அவள் பார்த்ததில்லை. சுட்டுப் பார்க்கவும் வழியில்லை. வேலி வேலைக்காக அந்த வாரம் மைதானத்தைப் பூட்டியிருந்தார்கள்.

தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அவசர ஆர்டர். நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கில் வராத முதல் சில குண்டுகள் ஒழுங்காகத்தான் போயினவாம். பிறகு, கணக்கில் சேரும் ஏழாவது குண்டைச் சுட்டதும் அம்மா தலையைத் தூக்கினாள். பக்கத்தில் நட்டிருந்த தொலைநோக்கியில் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை, முகம்கூட மாறவில்லை. பையிலிருந்து பழைய குண்டுப் பெட்டியை எடுத்தாள். அந்தக் குண்டுக்கான அளவு அவள் மனசிலேயே இருந்தது. குறி வைக்கும் சக்கரத்தை ஞாபகத்திலிருந்தே திருப்பி வைத்துவிட்டு மறுபடி படுத்தாள். மீதி ஐம்பத்து மூன்று குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. இன்றுவரை அப்படியொரு நிதானத்தை நான் எவரிடமும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு பாயிண்டில் அந்த இடம் போயிற்று. ஜெயித்த பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள். கிளப் கோச் அவள் முதலில் சுட்ட குறி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். சில ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் கோணலாக நீண்டிருந்தன.

"கனமான குண்டு நீளமும் சாஸ்தி டீச்சர். நீளமானதுக்குச் சுத்து அதிகம் வேணும். இந்தத் துப்பாக்கிக்குப் பத்தல, போற வழியிலயே சாஞ்சிருச்சு. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தோணலைங்க சார்" என்றாள் அம்மா. நூலுக்கு நேர் எதிரான கணக்கு என்பது எனக்கே புரிந்துவிட்டது. அட்டையை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஒரு பாயிண்டுல போச்சுங்க" என்றாள் அம்மா. "ஆரம்பத்துல கை கொஞ்சம் ஆடிப்போச்சு."

"குண்டு?"

"குண்டு நல்லாத்தான் இருந்துச்சுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கையாவது ஆடுவதாவது! அட்டையை எடுத்து அப்பா முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பொய்! அம்மா கை ஆடவே இல்ல. நீங்க சொன்ன குண்டாலதான் தோத்துச்சு!"

அப்பா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோணல் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "பட்டறைக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். அம்மா என்னை அடிக்கவில்லை, ஒரு சொல் திட்டவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருஷம் அம்மா அணிக்குத் தேர்வானாள். அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விடுவார், கேட்டுக்கு வெளியிலேயே காத்திருந்து கூட்டி வருவார். சாப்பிடும்போது, "இன்னைக்குக் காத்து இடப்பக்கமா அடிச்சுதுங்க, அதுக்கு நான்..." என்று அம்மா ஆரம்பிப்பாள். "நீ பாத்துக்குவ அம்மிணி, எனக்கென்ன தெரியும்" என்று அவர் கை கழுவ எழுந்துவிடுவார்.

இனி அம்மாவின் குறியைக் கெடுக்க வீட்டில் ஆளில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவள் ஏன் சொல்லவந்ததைப் பாதியில் விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் அப்போது புரியவில்லை.