கடல் மூடுவதற்கு முன்

இன்று நிலாவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை, போனில் பழைய ஹொலிவூட் வேதாகமப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடல் இரண்டாகப் பிளக்கும் இடம்.

"அந்தக் காலத்துக் கிராபிக்ஸைப் பாருங்கோ அங்கிள்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளில், சின்ன வயதில், இதே படத்தைத் திருகோணமலைத் தியேட்டரில் பார்த்தேன். கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டு றோசா அக்கா. அவருடைய புருஷன் மீன்பிடிக்கப் போய் ஆறு மாதம். தோணி மட்டும் இறக்கக்கண்டி ஊர்க் கரையில் ஒதுங்கியிருந்தது.

திரையில் கடல் பிளந்ததும் தியேட்டரே கைதட்டியது. அக்கா மட்டும் எழுந்து முன்னுக்குப் போனார். நடந்துபோகிற சனத்தை அவர் பார்க்கவில்லை. கடலின் தரையைப் பார்த்தார். மணலில், பாறை இடுக்கில், ஒவ்வொரு இடமாக.

தண்ணீர் திரும்பி வந்தது. அக்கா பின்னால் திரும்பி, படம் ஓட்டுகிறவரைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, கொஞ்சம் பொறுங்கோ! நான் இன்னும் பாத்து முடியேல்லை!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் படம் ஓடி முடியும்வரை அக்கா தினமும் போனார். ஒரு நாள் இடது பக்கக் கதிரை, மறுநாள் வலது பக்கம். அங்கேயிருந்து பார்த்தால் மற்ற மூலை தெரியுமாம்.

இன்று போனிலும் தண்ணீர் மூட வந்தது. என் விரல் தானாகப் போய்ப் படத்தை நிறுத்திவிட்டது. குனிந்து கடலின் தரையைப் பார்த்தேன்.

"என்ன அங்கிள், ஆரையும் தேடுறீங்களோ?"

"ஓம் பிள்ளை."

அடுத்தவர் போனைத் தொட்டது பிழைதான். ஆனால் கடற்கரையில் வளர்ந்தவர்களே, உண்மையைச் சொல்லுங்கள்: அந்த இடத்தில் நீங்கள் சனத்தையா பார்க்கிறீர்கள்?