கனகசபை அண்ணனும் தேதி தீராத பெட்டியும்

நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை முழுப் பொறுப்போடு, வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன். கனகசபை அண்ணனுக்கு அஞ்சலி எழுத ஊரில் இத்தனை யோக்கியர்கள் இருக்க, என்னைப் போய்க் கேட்டவர்கள் அந்தப் பாவத்தை ஏற்றுக்கொள்ளட்டும்.

செய்தி வந்தபோது பூனாவில், விஷ்ராந்த்வாடியில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். அண்ணனின் மகள் சுமதி போனில் சொன்னாள்: "அங்கிள், அப்பா போயிட்டார். சாய் குடிச்சார், பேப்பர் எங்கன்னு கேட்டார், அவ்ளோதான்." என் வாய் நிறையப் பஞ்சு. வாழ்நாளில் நான் பதில் பேசாமல் கேட்டுக்கொண்ட ஒரே செய்தி அது.

அண்ணன் ஆரணிக்காரர். சாங்வியில் வீடு. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பது வருஷம் தணிக்கை. ஓய்வு பெற்ற மறுநாள் மற்றவர்கள் ஷீரடிக்கு டிக்கெட் எடுப்பார்கள். இவர் உப்புத்தாள் வாங்கினார். பழைய மர ரயில் பெட்டிகளைத் தேடிப்போய், ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கெல்லாம் ஓடியது, பழைய இரும்புக்காக உடைக்கும் வெட்டுக்குப் போகாமல் அதைக் காத்தவர் யார் என்று ஒரு ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் அவருடைய மிச்ச ஆயுள். பெட்டியின் மூலையில் காலணா அகலத்துக்குத் தேய்ப்பார். பெயின்ட் பூச்சுகள் மரத்தின் வயது வளையம்போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். ஒருமுறை எட்டாவது வளையத்தில் விக்டோரியா மகாராணி காலத்துத் தூசி கிளம்பி இருவரும் நாற்பது நிமிஷம் தும்மினோம்.

"பெட்டி பொய் சொல்லாது மணி," என்பார். "மேல பூசறவன் சொல்லுவான். சொரண்டு."

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என் மகளுக்கு வரன் பேச வந்த கோயம்புத்தூர்க்காரர்கள், சம்பந்தி எப்படிப்பட்டவர் என்று அவரைத்தான் விசாரித்தார்கள். "நல்ல மனுஷன். சொல்றதுல கால்வாசி நம்பலாம்," என்றார். கல்யாணம் நடந்தது. இன்றுவரை மாப்பிள்ளை நான் சொல்வதை நாலால் வகுத்துத்தான் கேட்கிறார்.

அந்தப் பெட்டிக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாத நண்பகல். ஊருக்குக் கிழக்கே, முள்மரங்களுக்குள் போய் முடியும், பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் ஒரு பழைய சைடிங். தண்டவாளம் பாகாக இளகி என் செருப்பில் ஒட்டுகிற வெயில். கடைசியில் அது நின்றது. முழுக்கத் தேக்கு. சக்கரத்தைப் புல் விழுங்கியிருந்தது. ஆனால் உள்ளே ஒட்டடை இல்லை, தூசி இல்லை. கூரையில் ஒரு காக்கை எச்சம்கூட இல்லை. கதவைத் தாண்டியதும் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் அறுந்துபோயிற்று. இதை நான் பெருக்கிச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருக்கினேன்.

ஒவ்வொரு ரயில் பெட்டியின் கோடியிலும், அடுத்த பராமரிப்புக்கு அது எப்போது பட்டறைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ரிட்டர்ன் டேட். அந்தத் தேதி தாண்டாத பெட்டியில் வெட்டுகிறவர்கள் கை வைப்பதில்லை. முப்பது வருஷமாக நகராத இந்தப் பெட்டியில், மஞ்சள் பெயின்டில், அடுத்த வருஷத் தேதி இருந்தது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எழுத்தை விரலால் தடவினார். அடியில் பழைய இலக்கங்கள் தழும்பாக மேடிட்டிருந்தன.

"நாப்பது தேதி இருக்கும்ணே," என்றேன்.

"பதினொண்ணு," என்றார். "எல்லாம் ஒரே கை. இந்த நாலைத் தடவிப் பாரு. எல்லா நாலுக்கும் வால் இடப்பக்கம் சாஞ்சிருக்குது."

காவல்காரர் பாண்டுரங் ஏழடி உயரம். யார் வந்து எழுதுகிறார்கள் என்று கேட்டோம். "கோணீ யேத் நாஹீ, அண்ணா," என்றார். யாரும் வருவதில்லையாம். சில வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். பால்காரன் பால் வைத்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அண்ணனுக்குத் தூக்கம் போனது. இந்தப் பெட்டியைக் காப்பவர் யார்? அந்த நாலை மெல்லிய தாளில் பிரதி எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பெயின்டர்கள் வீடு வீடாக ஏறினார். கட்கியில் ஒரு கிழவர் தாளைப் பார்த்ததும், "இது எங்கள் மேஸ்திரியின் கை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவர் இறந்துபோனார்," என்று இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். எங்களுக்குச் சாய் கொடுக்கவில்லை. பூனாவில் நான் சாய் குடிக்காமல் வெளியேறிய ஒரே வீடு அது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, தேதி புதுப்பிக்கப்படாமல் நின்றது. பக்கத்து லைனில் கேஸ் சிலிண்டர்களோடு வெட்டுகிறவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அண்ணன் எழுதிய மனுக்களுக்குப் பதில் இல்லை. "இன்றோடு தேதி சரி. நாளைக் காலை முதல் வேலை இதுதான்," என்றார் அவர்களுடைய மேஸ்திரி.

கட்கி பஜாரில் நான் வாங்கிய மஞ்சள் பெயின்ட் டப்பாவும் பிரஷும் என் பையில் இருந்தன.

"அண்ணே, ஒரு நம்பர் மாத்தினாப் போதும். நான் எழுதறேன். பொய் எனக்குக் கைவந்த கலை."

"நீ எழுதினாலும் பக்கத்துல நின்னு பார்த்தவன் நான்தானேடா."

"பெட்டி போயிடும்ணே."

"போவும்."

"அவ்ளோதானா?"

"வேற இன்னான்றே? பொய்த் தேதியால நிக்கற பெட்டின்னு தெரிஞ்சும் இத்தினி வருஷம் வாயை மூடிக்கினு இருந்தேன். அதுவே தப்பு. இதுல கையால வேற எழுதிட்டா, என் ரிஜிஸ்டர்ல எந்தப் பக்கத்தைடா ஒருத்தன் நம்புவான்?" குரல் உடைந்தது. மனைவி போனபோதுகூட உடையாத குரல். "நீ இங்கயே இரு. நான் ஒருதரம் சொல்லிக்கினு வரேன்."

தனியாகப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். நானும் பாண்டுரங்கும் வேப்பமரத்தடியில் நின்றோம். ஒரு யுகம் போயிற்று. என் கைக்கடிகாரத்தில் இருபது நிமிஷம். காற்று நின்றது. வேப்பிலை நிழல் தரையில் ஒட்டவைத்ததுபோலக் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், யாரோ பேசுவதைக் கேட்டுக்கொள்பவர்போல, "ஆங்... ஆங்," என்றது மட்டும் கேட்டது. பாண்டுரங் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் திரும்பி வந்தபோது முகம் அரிசி மாவாக இருந்தது. "வா, போலாம்," என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். புதிய தேதி. ஈரம் மினுங்குகிறது. நாலின் வால் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. என் பெயின்ட் டப்பா மூடி திறக்காமல் என் பைக்குள்ளேயே இருந்தது. அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விபூதித் தூள்தான் இருந்தது.

பஸ்ஸில் சிவாஜிநகர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "மணி, இந்த வெயில்ல செருப்பில்லாம ஜல்லி மேல நின்னா கால் சுடும் இல்ல?"

"கொப்பளிச்சிடும்ணே. ஏன்?"

"இல்ல, சும்மா." அதன் பிறகு சாகும்வரை அதைப்பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் வெட்டு மேஸ்திரி தேதியைப் பார்த்தாராம். விரலால் தொட்டாராம். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாராம். சில வருஷங்களில் பழம்பெட்டிகளைச் சேகரிக்கும் சிலர் அதைக் கிரேனில் தூக்கிப் போனார்கள். இன்று அது நல்ல கூரைக்கடியில் நிற்கிறது. திறப்பு விழாவில் மாலை போட அண்ணனைத் தேடினார்கள். "நான் ஒண்ணும் பண்ணலையே," என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் கைதட்டினோம்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் சுமதி அந்த ரிஜிஸ்டரை என் மடியில் வைத்தாள். "அங்கிள், எனக்குத் தமிழ் படிக்க டைம் ஆவும். நீங்க வெச்சுக்கோங்க. இதுல ஏன் பாதி பென்சில், பாதி இங்க்?"

"காதால கேட்டது பென்சில்மா. கண்ணால பார்த்தது மட்டும்தான் மை."

அந்தப் பெட்டியின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பட்டறை, பென்சில். ஓடிய தடம், பென்சில். காத்தவர் என்ற இடத்தில் கறுப்பு மையில், அவருடைய தணிக்கைக் கையெழுத்தில், ஒரு வரி: "பார்த்தேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ரிஜிஸ்டர்தான். நண்பர்களே, தண்டவாளம் இளகவில்லை. பாண்டுரங் என் தோளுக்குத்தான் வருவார். தும்மல் இரண்டோ மூன்றோ. யுகம், நிழல், தொப்பி எல்லாவற்றையும் உங்கள் இஷ்டம்போலக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த மை வரி மட்டும் நிஜம். வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.