கிறீன்லாந்துக் குளத்தில் செவ்வந்தி

என் மனைவி சிவமலருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தேத்தண்ணீரைக்கூட நின்றபடிதான் குடிப்பாள். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுச் சோபாவில் அவள் முழுதாகச் சாய்ந்து நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவள். டென்மார்க்கில் பதின்மூன்று வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றாள். அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்த கையோடு, இனி லண்டன் என்று என்னையும் மூட்டை கட்ட வைத்தாள். அப்படிப்பட்டவள் சின்னதைப் பெருப்பித்துக் காட்டும் ஒரு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் நாலு மணித்தியாலம் அசையாமல் இருப்பாள் என்றால் எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அவளுடைய வேலை ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில். கிறீன்லாந்தில் ஒரு குளம். அதன் அடியில் வருடாவருடம் படிந்த சேற்றை நீளக் குழாயால் குத்தி எடுத்து லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மேலே கிடப்பது புதுச் சேறு, கீழே போகப் போகப் பழசு. அந்தந்தக் காலத்தில் பூத்த பூக்களின் மகரந்தம் அதற்குள் அழியாமல் கிடக்கும். சேற்றைக் கிள்ளிச் சிறு குழாய்களில் இட்டு, கண்ணாடியையே கரைக்கும் அமிலத்தால் மண்ணைக் கரைத்து, மகரந்தத்தை மிச்சம் பிடித்து, நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கொடுப்பது சிவமலரின் பாடு. அதை எண்ணிப் பார்த்தால் எந்தக் காலத்தில் எந்தச் செடி நின்றது, அப்போது குளிரா வெயிலா என்பது தெரியும். டெனிஷ் தெரியும் என்றுதான் அவளை முதலில் எடுத்தார்கள். கிறீன்லாந்து டென்மார்க்கின் ஆட்சிக்குக் கீழே இருப்பதால், அந்தக் குளத்தைப் பற்றிய பழைய குறிப்புகள் எல்லாம் அந்த மொழியில் இருந்தன. மீன் வெட்டிக்கொண்டே படித்த மொழி கடைசியில் ஒரு வழிக்கு உதவியது. ஆனால் நிரந்தரம் மட்டும் கிடைக்கவில்லை. ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று ஐந்து வருடமாக இழுத்தடித்தார்கள்.

விஜயதசமி அன்று எங்கள் வீட்டில் ஆயுதங்களுக்குப் பூசை. நான் மின்வேலைக்காரன். என் ட்ரில்லுக்கும் குறடுக்கும் சந்தனப் பொட்டு வைத்து ஆளுக்கொரு செவ்வந்தி சாத்துவேன். 2006இல் சிவமலர் மிஞ்சிய பூவையும் சந்தனத்தையும் தன் பையில் போட்டாள்.

"எங்கை கொண்டு போறீர்?" என்று கேட்டேன்.

"என்ரை ஆயுதம் அங்கையெல்லோ கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தடுக்கவில்லை. அன்று காலை யாரும் வருமுன் போய், நுணுக்குக்காட்டிக்கும் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்து, பூச் சாத்தி, ஒரு தேவாரம் பாடி, அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டாள். பிறகு வழமைபோல வேலையைத் தொடங்கினாள்.

பெப்ரவரியில் ஒருநாள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தக் குளத்தை ஆராய்கிற மாணவி கத்தரின், அடுத்தடுத்த நாலு மாதிரிகளில் செவ்வந்திக் குடும்பத்து மகரந்தத்தை அள்ளு கொள்ளையாகக் கண்டிருந்தாள். எட்டாயிரம் வருடத்துக்கு முந்திய சேறு அது. இந்தப் பூக்களுக்குப் பூச்சிகள்தான் மகரந்தம் காவும், காற்றில் அதிகம் பறக்காது. ஆகவே குளத்தடியில் இவ்வளவு கிடந்தால் கரை முழுக்கப் பூத்திருக்க வேண்டும், கோடை நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஆய்வுகூடத் தலைவர் பெனடிக்ற் சிவமலரின் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். மார்ச்சில் ஒரு நிரந்தர இடம் வருகிறது, விண்ணப்பியுங்கள், உங்களை விட்டால் யார் என்றும் சொன்னாராம்.

அடுத்த நாள் அவள் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. தன் வேலைக் கொப்பியைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். அந்த நாலு மாதிரியும் விஜயதசமி அன்று செய்தவை. பூச் சாத்திய இயந்திரத்துக்குப் பக்கத்தில், மூடி போடாத குழாய்களில் நின்றவை. அமிலத்தில் போட்டெடுத்த பின் நேற்றைய மகரந்தத்துக்கும் எட்டாயிரம் வருடத்து மகரந்தத்துக்கும் பிடிக்கக்கூடிய வித்தியாசம் இராது.

"ரூட்டிங் கடையிலை நீங்கள் வாங்கின செவ்வந்தியப்பா அது," என்றாள். "அங்கை இல்லாத பூவை நான் கொண்டுபோய் வைச்சிட்டன்."

அதன் பிறகு வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. அவள் சமையலறைத் தட்டுகளை எல்லாம் இறக்கிக் கழுவி அடுக்கினாள், மறுநாள் திரும்பவும் இறக்கினாள். கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரூட்டிங் வரை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாள். லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போனவள், அருச்சனைத் தட்டில் செவ்வந்தியைக் கண்டதும் பாதியில் வெளியே வந்துவிட்டாள். நான் காரை எடுக்கிற வரைக்கும் பொறுக்காமல் பஸ் தரிப்பு வரை நடந்துபோய் நின்றாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். "இஞ்சாரும், எட்டாயிரம் வருசத்துக்கு முந்தின பூ. ஆர் வந்து சாட்சி சொல்லப் போறான்? அந்த வேலைக்கான நேர்முகம் முடியுமட்டும் பேசாமல் இரும்."

"கத்தரின் அதை வைச்சுத்தானே எழுதப் போறா."

"தவளை தன் வாயாலை கெட்ட மாதிரித்தான் உம்மடை கதையும் முடியும்."

அவள் எழுந்து போய், காய்ந்திருந்த உடுப்புகளைத் திரும்பவும் தோய்க்கப் போட்டாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஐந்து வருடமாக அந்த இடத்துக்காக அவள் தவம் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

நேர்முகத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது போய்ச் சொல்லிவிட்டாள். சந்தனம், பொட்டு, தேவாரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாளாம். பெனடிக்ற் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாராம். கத்தரின் அழுதாளாம். குளத்துச் சேற்றின் மறு பாதி குளிர் அறையில் இருந்தது. அதிலிருந்து அதே ஆழங்களில் புதிதாகக் கிள்ளி, வேறோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். சிவமலர் அதைத் தொடக்கூடாது என்று கட்டளை. நேர்முகத்தில் இருந்தவர்கள் பூவைப் பற்றியே கேட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் கடைசிக் கிழமை. நான் சவுத்தாலில் ஒரு வீட்டில் ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது.

"இஞ்சாருங்கோ, பூ இருந்திருக்கு."

"என்ன பூ?"

"நாலிலையும் இருக்காம். முந்தி எண்ணினதுக்கு ஒரு பத்துக்குள்ளைதான் வித்தியாசம். நாங்கள் வைச்ச பூ இல்லையப்பா. உண்மையாவே குளத்தடியிலை பூத்திருக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அப்ப உம்மடை வேலை?"

"அதை வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டினம். போன கிழமையே முடிவாம். என்ரை ஆறு மாதமும் வெள்ளியோடை சரி."

ஏணியில் நிற்கிறேன் என்பதையும் மறந்து கத்தினேன். "வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பூவும் இருந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும்."

"ஓம், இருந்திருக்கும்," என்றாள். "ஆனா அது என்ரை பூவெண்டு நினைச்சு நினைச்சே நான் செத்திருப்பன்."

எனக்குக் கோபம் ஆறவில்லை. இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் அவள் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்க, என் மனைவியை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், சாப்பிட்டீரோ என்று கேட்டேன்.

"இல்லை, பிறகு. இப்ப தொடலாம் எண்டு பெனடிக்ற் சொல்லிப்போட்டார். வெள்ளிக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு. அந்த நாலையும் நானே ஒருக்கா எண்ணிப் பாக்கப் போறன்," என்றாள்.