நாலு மணிக்கு வருகிறவன்

மே மாதத்து மத்தியானத்தில் என் வண்டியில் ஜில்லென்று பயணம் செய்வது ஒன்றே ஒன்றுதான். அது நான் இல்லை. பக்கவாட்டில் கோணிப் பையில் தொங்கும் நைட்ரஜன் கேன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். காளை விந்து அடைத்த சின்னச் சின்னக் குச்சிகள் அந்தக் கேனுக்குள் திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடக்கும். அந்தக் குளிரில் விரலை விட்டால் விரல் போய்விடும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி என் தொடை வெந்துகொண்டிருக்கும். ஒரு கேனைப் பார்த்து மனுஷன் பொறாமைப்படுவானா என்று கேட்காதீர்கள். பட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் குணம் கொஞ்சம் அதிகம்.

விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் வரைக்கும் நாலுவழிச் சாலையின் இரண்டு பக்கத்துக் கிராமங்களும் என் எல்லை. அப்படி நான் சொல்லிக்கொள்கிறேன். மூன்று வருடமாக அதே எல்லைக்குள் இன்னொருவனும் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். மயிலம் பக்கத்து ஆள். என்னைவிட ஏழு வயது சின்னவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். மூத்தவனாக இருந்திருந்தாலும் இங்கே அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வெயிலில் வண்டி ஓட்ட நான் வைத்திருந்த வழி வேகம்தான். சட்டையில் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டு, அரைக்கை சட்டையோடு ஆக்சிலரேட்டரை முறுக்கினால் காற்று உள்ளே போகும், வேர்வை காயும், உடம்பு குளிரும் என்பது என் கணக்கு. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்களை வெட்டிவிட்டு நடுவில் அரளி வைத்தார்கள். அரளி யாருக்கு நிழல் தரும்? தாரிலிருந்து எழும்பும் காற்று, அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தது மாதிரி முகத்தில் அடிக்கும். முறுக்க முறுக்க இன்னும் சூடாக அடிக்கும். கூட்டேரிப்பட்டில் நிறுத்தி ஐஸ் போட்ட சர்பத் ஒன்றுக்கு இரண்டாகக் குடிப்பேன். பத்து நிமிடத்தில் நாக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தால் துள்ளி எழுந்திருப்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அவன் வருகிற விதமே வேறு. முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கழுத்தில் ஈரத்துண்டு. ஹெல்மெட்டுக்குள் நனைத்த கைக்குட்டை. நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. எந்த வீட்டில் வண்டியை நிறுத்தினாலும் முதல் வேலையாக ஈரச் சாக்கு ஒன்றை எடுத்து சீட்டின் மேல் போடுவான். பிறகு அலுமினியத் தூக்கைத் திறந்து உப்புப் போட்ட மோர் இரண்டு மடக்கு. அவன் முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். வீட்டுப் பெண்கள் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். எனக்குப் போட்டதில்லை. என்னைப் பார்த்தால் ஒரு சொம்பு தண்ணீரோடு ஓடிவருவார்கள், விழுந்துவிடப் போகிறேனோ என்ற பயத்தில்.

நாற்காலியோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் ஊசி போட்டால் மாடு சினை நின்றது. நான் போட்டால் பாதிதான் நின்றது. கோடையில் அந்தப் பாதியும் இல்லை. ஒரு நாள் ஒரு வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பக்குவமாகவே சொன்னார்.

"அவரு கை பட்டா நிக்குதுங்க. கைராசி. அது எல்லாருக்கும் அமையாதுங்க. நீங்க ஒன்னும் மனசுல வச்சிக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது? அன்று திண்டிவனம் வரை வயிறு எரிந்துகொண்டே போனேன்.

காப்பியடித்தும் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஈரத்துண்டு கட்டினேன். பன்னிரண்டு மணி வெயிலில் அது டோல்கேட் வருவதற்குள் காய்ந்து அப்பளமாகிவிட்டது. முழுக்கை சட்டை வாங்கி, ஒரு போர்வெல் மோட்டார் கொட்டகையில் சட்டையோடு நனைந்துவிட்டு, சொட்டச் சொட்ட ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாங்க இது, கெணத்துல உழுந்துட்டீங்களா?"

அதோடு அந்த முயற்சியை விட்டேன். அவன் என்னவோ மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன். துண்டை நனைக்கிற தண்ணீரில் ஏதாவது கலக்கிறானோ என்றுகூட யோசித்திருக்கிறேன்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அவனுக்கு முன்னால் போய்விடுவது. பருவத்துக்கு வந்து காலையில் கத்துகிற மாட்டுக்குச் சாயங்காலம் போட வேண்டும், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. எனக்குத் தெரியாததில்லை. ஆனால் சாயங்காலம் வரை விட்டால் வீட்டுக்காரர்கள் மனம் மாறி அவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் காலை எட்டு மணிக்கு போன் வந்தால், வெயில் மண்டையைப் பிளந்தாலும் பன்னிரண்டுக்குள் அந்தக் கொட்டகையில் நிற்பேன். மாடு நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான். கண்ணில் வேர்வை வழிய, அவசர அவசரமாக ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு முறுக்குவேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு மாடு உண்டு. ஜெர்சிக் கலப்பு. என் மனைவி வாங்கி, என் மனைவி வளர்ப்பது. நான் அதற்கு ஊசிக்காரன், அவ்வளவுதான். அந்தக் கோடையில் அதற்கு இரண்டு முறை ஊசி போட்டேன். இரண்டு முறையும் மத்தியானம் சாப்பிட வந்த இடத்தில், கையோடு கையாக. இரண்டு முறையும் நிற்கவில்லை. பால் வற்றிக்கொண்டே வந்தது. சினை ஊசிக்காரன் வீட்டு மாடே சினை நிற்கவில்லை என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. மனைவி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒரு தபா பாப்பேன். அப்பவும் நிக்கலன்னா சந்தைக்கு ஓட்டிட வேண்டியதுதான். சும்மா கட்டிப்போட்டு தீனி போட என்னால ஆகாது."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். மாடு போனால் போகட்டும். அதைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது தெரு முழுக்க வேடிக்கை பார்க்குமே, அதை நினைத்துத்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மாடு கத்துகிற மாதிரி இருந்தது. வண்டியை எடுத்தவன் நின்று கேட்டேன். அவள், "அது தண்ணிக்கு கத்துது, நீங்க கெளம்புங்க" என்றாள். நானும் நம்பிக் கிளம்பினேன். அன்றைக்கு வெயில் அப்படியொரு வெயில். மயிலம் கிளைச் சாலையில் தலை சுற்றி, வண்டியை ஓரம்கட்டி, ஒரு பஞ்சர் கடை நிழலில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். மிச்ச வீடுகளுக்குப் போகத் தெம்பில்லை. ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அவன் வண்டி நின்றது. சீட்டின் மேல் ஈரச் சாக்கு.

வண்டியை அணைத்துவிட்டு வைக்கோல் போர் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன். என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி. அவன் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் சொம்பில் மோர் குடித்துக்கொண்டிருந்தான். மாட்டின் முதுகு நனைந்து பளபளத்தது. இரண்டு குடம் தண்ணீராவது ஊற்றியிருப்பார்கள். மாடு இரைக்காமல் அமைதியாக அசைபோட்டது. பதினெட்டு வருடமாக எனக்கு அந்தச் சொம்பில் மோர் கிடைத்திருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். அவன் கேட்டிருக்க மாட்டான் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இன்னாங்க, இன்னைக்கு ஜல்தியா வந்துட்டீங்க?" மனைவி என்னைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"இவரு எதுக்கு வந்துகிறாரு?"

"நான்தான் போன் பண்ணேன். நீங்க ரெண்டு தபா போட்டு நிக்கல. உங்க ரோஷத்துக்காக என் மாட்ட விக்க சொல்றீங்களா?"

அவன் சட்டென்று எழுந்தான். உண்மையிலேயே சங்கடப்பட்டான். "உங்ககிட்ட கேட்டுட்டுதான் கூப்புடறாங்கன்னு நெனச்சிக்கினு வந்தேண்ணா. நீங்கதான் வந்துட்டீங்களே, நீங்களே போடுங்க" என்று மாட்டிக்கொள்ளாத புதுக் கையுறையை என்னிடம் நீட்டினான்.

"உன் கைதான ராசி. நீயே போடு."

"ராசியா? இன்னாண்ணா, நீங்களும் அவங்கள மாதிரியே பேசிக்கினு. நேரத்துக்கு போட்டா யாரு போட்டாலும் நிக்கும்."

என்னால் அடக்க முடியவில்லை. மூன்று வருடத்துக் கேள்வி. "மத்தியானம் பூரா சுத்திட்டு உன் மூஞ்சி மட்டும் எப்படிப்பா இப்படி இருக்குது? தண்ணில இன்னா போடற?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "மத்தியானத்துல யாருண்ணா வண்டி ஓட்டுவா? பத்து மணிக்கே ஊட்டுக்கு போயிடுவேன். துன்னுட்டு தூங்கிடுவேன். நாலு மணிக்குதான் திரும்ப வண்டி எடுப்பேன். காலையில கத்தற மாட்டுக்கு சாயங்காலம்தான போடணும்?"

மூன்று வருடமாகக் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அவனைப் பார்த்துவிட்டு, நடுவில் அவனும் என்னைப் போலவே வெயிலில் வேகிறான், வெந்தும் வாடாமல் இருக்கிறான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவனை முந்திப் போவதற்காக நான் செத்துச் செத்து ஓட்டியிருக்கிறேன்.

கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டேன். நான் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, மூச்சு சீராகும்வரை அவன் காத்திருந்தான். ஊசி போடும்போது பக்கத்தில் நிற்கவில்லை. வாசலுக்குப் போய்த் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சங்கடப்படக்கூடாது என்று போனான் என்பது எனக்குத் தெரியும். அதுவும் எரிந்தது.

மூன்று மாதம் கழித்து மாட்டின் வயிற்றுக்குள் கையை விட்டுச் சோதித்துப் பார்த்தேன். சினை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. சந்தைப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் தெருவில் எல்லோரும் அவன்தான் போட்டான் என்கிறார்கள். அவன் வண்டி நின்றதைத்தானே பார்த்தார்கள். மனைவி மறுத்துச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அவரு சாயங்காலம் வருவாருன்னுதான நான் அதுவரைக்கும் உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன். இல்லன்னா நீங்க மத்தியானமே போட்டிருப்பீங்க" என்றாள்.

சரி, அவனிடமாவது சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். விழுப்புரத்தில் நாங்கள் நைட்ரஜன் நிரப்பும் இடத்தில் அவனைப் பிடித்தேன். மழை பிடித்துக்கொண்டதால் ஏழெட்டு ஊசிக்காரர்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தார்கள். "எங்க ஊட்டு மாடு நின்னுடுச்சிப்பா. நான் போட்டது" என்று அந்த நான் மேல் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துச் சொன்னேன்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "ரெண்டு தபா நிக்காத மாடுப்பா, அண்ணன் ஒரே ஊசியில நிறுத்திட்டாரு. கைராசின்னா இதான்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவர் டீ சொன்னார். மூன்று வருடம் நான் ஆசைப்பட்ட வார்த்தை, நாலு பேர் முன்னால், அவன் வாயாலேயே வந்துவிட்டது. நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு சுருக்கம், உதட்டில் ஒரு கோணல், எதுவாவது தெரிகிறதா என்று. தெரியவில்லை. கன்று போட்டால் சீம்பால் கொடுத்தனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு மழையில் கிளம்பிவிட்டான். ஒரு துளி, ஒரே ஒரு துளி பொறாமையை அவன் முகத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.