மேலே வந்ததைச் சேர்த்தோம்

மார்ச் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. நோட்டன் பிரிட்ஜில் பனி விலகி வெயில் வந்திருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடுகிற ஓடையில், தங்கம் உண்டா என்று பார்க்க வந்த ஆய்வுக்காரப் பெண் ஒரு தட்டில் மணலை அலசினாள். சரக் சரக்கென்ற அந்தச் சத்தம் அம்மா அரிசி அரிக்கும் அரிக்கன் சட்டியின் சத்தமேதான். சட்டிக்குள் கல் தங்கப் பதினெட்டு வரி, எண்ணியிருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில், இதே ஓடையில் மணல் மஞ்சளாய் மினுங்குவதை அப்பா கண்டார். "நம்ம புள்ளைய ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிறலாம்," என்று அக்காவைக் காட்டிச் சொன்னார். நாற்பத்தொரு நாள் வேலைக்குப் போகாமல் மணல் அள்ளினார். அம்மா அரிசி அரிப்பதுபோலவே அதை அரித்தாள்: தண்ணீரோடு மேலே வந்ததைச் சேர்த்தாள், அடியில் தங்கிய கறுப்பு மணலைக் கல்லென்று கொட்டினாள்.

ஹட்டன் நகைக்கடை முதலாளி விரலில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். "காக்காப்பொன்னுங்க இது, வெறும் மினுக்கு. கொலுசுக்குள்ள போட்டா சத்தம்கூட வராது."

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"தங்கம் கனம், ஐயா. அடியிலதான் நிக்கும்." தட்டின் அடியில் இரண்டு மஞ்சள் துகளைக் காட்டினாள்.

"அப்ப நாங்க கொட்டினது?"

"அதுலயும் இப்படி ரெண்டு மூணு இருந்திருக்கும். மூக்குத்திக்கும் காணாது."

நாளுக்கு இரண்டரை ரூபாய் வீதம், அப்பா இழந்த சம்பளம் நூற்றிரண்டு ரூபாய் ஐம்பது சதம். அந்த நாட்களில் கடையில் ஏறிய அரிசிக் கடனை அடைக்க, அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். கடன் ஏழு மாதத்தில் தீர்ந்தது. அக்கா கூடையை இறக்க நாற்பத்திரண்டு வருஷம் ஆனது.