இலவச லினக்ஸ் போட்டுக்கொடுத்த பாவம்

கம்ப்யூட்டர் திருத்துகிற தொழிலில் விலை சொன்னால் பேரம் பேசுவார்கள். இலவசம் என்றால் ஆளையே சந்தேகிப்பார்கள். யுத்த காலத்துக் கொழும்பில் லினக்ஸ் சீடியோடு அலைந்த என் சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

ஆர் தலைவர்?

வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு நடத்திய மாஸ்டர் ஒருவரின் கம்ப்யூட்டர்களில் ஓயாத வைரஸ். வைரஸ் பிடிக்காத லினக்ஸ் போடுவோம் என்றேன். சீடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஆர் செய்தது?”

“எல்லா நாட்டிலையும் ஆக்கள் சேர்ந்து செய்யினம், மாஸ்டர். சும்மாதான் தருவினம்.”

“ஆர் தலைவர்?”

“அப்படி ஒருத்தரும் இல்லை. இது ஒரு இயங்குதளம்…”

மாஸ்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பிள்ளை, இயக்கம் கியக்கம் எண்டு இஞ்சை சத்தமாக் கதையாதை!”

ஓடும் எழுத்துகள்

கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கும் போட்டுக்கொடுத்தேன். கம்ப்யூட்டர் தொடங்கும்போது கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடும். நானா ஓடிப்போய் டெலிபோன் வயரைக் கழற்றினார்.

“மகள், என்ட யாவார வெவரமெல்லாம் யாருக்கோ போற மாதிரி ஈக்கிதே!”

முகம் தெரியாதவர்கள்

அந்த நாள் இணைய வேகத்தில் லினக்ஸை இறக்குவது நடக்காத காரியம். ஈமெயிலில் சேர்ந்த எங்கள் லினக்ஸ் குழுவில் ஒருவர் எடுத்ததைப் பிரதி செய்து கைமாற்றிக்கொள்வோம். குழு வளர வளர என் பையும் கனத்தது. ஒருநாள் கோல் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது, பேனாவால் பெயர் எழுதிய சீடிகளைப் பொலிஸ்காரர் வெளியே எடுத்தார்.

“ஒப்பரேட்டிங் சிஸ்டம், சேர்” என்றேன்.

“ஒப்பரேஷனா? என்ன ஒப்பரேஷன்?”

பையோடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் மர வாங்கில் உட்கார்த்தி வைத்தார்கள். விசாரணைக்கென்று போய் இன்னும் திரும்பாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஒரு டெலிபோன் கோல் எடுக்க விட்டார்கள். அம்மாவுக்கு எடுத்தால் அழுவா, சிங்களமும் தெரியாது. குழுவில் இருந்த சிங்களப் பையன் நுவனுக்கு எடுத்தேன். ஈமெயிலில் மட்டும் பழக்கம், நேரில் கண்டதில்லை. வருவான் என்று நான் நம்பவுமில்லை.

மஹரகமவிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நிலையத்துப் பெரியவரின் அனுமதியோடு ஒரு சீடியை நிலையத்துக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று பொறுமையாக விளக்கினான். பெரியவர் கடைசியில் பையைத் திருப்பித் தந்தார். பிறகு நுவனிடம், இந்தப் பெண்ணை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். இப்போதுதான் பார்க்கிறேன் என்றான் அவன்.

பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “முகம் தெரியாத ஆளுக்காகப் பொலிசுக்கு வந்தியா? அப்போ உன்னைத்தான் முதலில் விசாரிக்க வேணும்!”

லினக்ஸின் உள்ளே இருக்கும் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம் என்று சொல்லித் திரிந்த எங்களைத்தான் கொழும்பு சந்திக்குச் சந்தி திறந்து பார்த்தது.