ஒரு நூல் இருக்கா?

என் சித்தப்பாவின் கல்யாணப் பேச்சைக் கிட்டத்தட்டக் கெடுத்த பெருமை எனக்கு உண்டு. அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வயதில் அதற்குமேல் சாதிக்க வாய்ப்பும் குறைவு.

சித்தப்பா ஈப்போவில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பழைய பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு அப்பாவின் வயது இருக்கும் என்பார் அம்மா. குணமும் அதேதான் என்பதை அப்பா இல்லாதபோது சேர்த்துக்கொள்வார். சித்தப்பாவுக்கு இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகச் சுங்காய்ப் பக்கம் ஒரு பெண். "இதுவும் போச்சுன்னா, இனிமே எவன் வீட்டுக்கும் சட்டைய அயர்ன் பண்ணிக்கிட்டு வரமாட்டேன்" என்று சித்தப்பா அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பெண் பார்க்கப் போக முதலாளி பஸ்ஸையே கொடுத்தனுப்பினார்.

பஸ்ஸில் ஒரு கோளாறு இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். திரும்ப மிதித்தால் விட்டுவிட வேண்டும். அதுவோ பிடித்ததை விட மனமில்லாமல் இருந்தது. மிதிக்கும்போதெல்லாம் பஸ்ஸுக்கு விக்கல் வந்தது. பட்டுப்புடவையில் தாம்பாளத்தோடு உட்காரப்போகும் அத்தைமார்களை நினைத்து, சனிக்கிழமை மாலை சித்தப்பா ஸ்பேனரை எடுத்தார்.

பெடலுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒரு பட்டன் சுவிட்ச். பெடல் எழும்பி வந்து அதை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். லேசாக மிதித்ததும் இரண்டும் விலக வேண்டும். விலகாவிட்டால் நட்டைத் திருகிச் சுவிட்சைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். சீட்டில் உட்கார்ந்து மிதிப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது என்பதால் இன்னொரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. சித்தப்பாவின் கெட்ட நேரம், வீட்டில் சும்மா இருந்தவை என் கண்கள்தான்.

"நல்லா பாரு. பட்டனுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு நூல் இருக்கா?"

பட்டறையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எனக்குத் தெரிந்த நூல் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்தது. டார்ச் அடித்து மனசாட்சியோடு தேடினேன்.

"இல்ல சித்தப்பா."

இறங்கினார், குப்புறப் படுத்தார், நட்டைத் திருகினார், ஏறினார்.

"இப்ப?"

"இல்ல."

"அலாமாக்! நல்லா பாரு லா. ஒரு நூலாச்சும் இருக்குமே?"

"அரை நூல்கூட இல்ல."

இப்படி ஐந்து தடவை. சுவிட்ச் பின்வாங்கிப் பின்வாங்கிப் பின்னாலிருந்த தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. வியர்த்து விறுவிறுத்து அவர் தேத்தண்ணி குடிக்கப் போனபோது எனக்கே பாவமாகிவிட்டது. ஓடிப்போய்ச் சிவப்பு நூல் எடுத்து வந்து, பட்டனின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்த வருஷம் முதல் மூன்று முடிச்சு விழுந்தது அங்கேதான்.

"சித்தப்பா, இப்ப ஒரு நூல் சரியா இருக்கு!"

"நீதான்டி என் போமன்" என்றார். மெக்கானிக்கை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அன்றிரவு நான் சாதாரணமாக நடக்கவே இல்லை.

மறுநாள் கம்பார் தாண்டியும் ஒரு விக்கல் இல்லை. "பாத்தீங்களா, பால்ல மெதக்குற மாதிரி போகுது" என்று சித்தப்பா கண்ணாடியில் பார்த்து எல்லாரிடமும் பெருமைப்பட்டார். எஞ்சின் பிரேக்கே இல்லாத பஸ் எதற்கு விக்கப்போகிறது? நேர்ச்சாலையில் அது தெரியவில்லை.

பெண் வீடு ஒரு இறக்கத்தில் இருந்தது. மொத்தக் குடும்பமும் வாசலில் நின்றது. சித்தப்பா வழக்கப்படி காலை எடுத்துவிட்டு, பஸ் தானாக அடங்கும் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அது அடங்கவில்லை. கும்பிட்ட கைகளோடு பெண்ணின் அப்பா எங்களை நோக்கித் திரும்பினார், திரும்பிக்கொண்டே இருந்தார். கால் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது எட்டு வீடு தள்ளியிருந்தோம். அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எங்கள் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

நாங்கள் நடந்து திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுத்துவிட்டார்: "என்னாண்ணே, வீட்டப் பாத்ததும் மாப்பிள்ளை ஓடிட்டாரா?"

பெண்ணின் அப்பா முகம் கறுத்திருந்தது. "இஷ்டமில்லன்னா போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"எஞ்சின் பிரேக் பிடிக்கல மாமா" என்றார் சித்தப்பா. நடுவில் வந்து விழுந்த 'மாமா' நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அப்போது பெண் வெளியே வந்தார், பட்டுப்புடவையில், கையில் டார்ச்சோடு. அவர்கள் வீட்டுத் தொழில் லாரி வயரிங் கடை. அவரும் அந்தக் கடையில்தான் வேலை செய்தார். நேராக பஸ்ஸுக்குப் போய்க் குனிந்து பார்த்தார்; எல்லாரும் பின்னாலேயே போனோம்.

"அண்ணே, சுவிட்சுல நூலு கட்டியிருக்கே, ஏதாச்சும் வேண்டுதலா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. நூலால் அல்ல, 'அண்ணே'வால். கடைக்கு வரும் டிரைவர்களை அப்படி அழைத்துப் பழகிய வாய். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸின் கூரையைப் பார்த்தேன்.

"நீங்கதானே ஒரு நூல் இருக்கணும்னு சொன்னீங்க" என்றேன்.

பெண் சிரித்த சிரிப்பில் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து அவர் அப்பாவுக்கும் தாங்கவில்லை. "வாங்க லா, எல்லாரும் உள்ள வந்து பசியாறுங்க" என்றார். பெண் மட்டும் நகரவில்லை. "நீங்க திருகுங்க, நான் பாக்குறேன்" என்றார் சித்தப்பாவிடம்.

பலகாரம் பாதி தீர்ந்தும் இருவரும் வரவில்லை. கூப்பிட்டு வர என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் சுவிட்ச் ஒழுங்காக இருக்கிறது, ஸ்பேனர் பெட்டிக்குள் போய்விட்டது. சித்தப்பா டிரைவர் சீட்டில், பெண் எதிர்சீட்டில். என்னை இருவருமே கவனிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் போய் நடுவீட்டில் நின்று உரக்கச் சொன்னேன்: "வேலை எப்பவோ முடிஞ்சிருச்சு. ரெண்டு பேரும் சும்மா உக்காந்து நேரத்த வீணாக்குறாங்க."

வீடே சிரித்தது. "இன்னொரு தடவை போய்க் கூப்பிடவா?" என்றேன். "வேணாம்மா, வேணாம்" என்று பெண்ணின் அப்பா என் கையில் இரண்டு லட்டு வைத்தார். சோம்பேறிகளைக் காட்டிக்கொடுத்ததற்கு ஒன்று என்று புரிந்தது. இன்னொன்று எதற்கு என்று யோசித்துக்கொண்டே இரண்டையும் தின்றேன்.